நானூற்று மூன்று

ஏக், தோன், தீன், சார், பாச் என்று
தலை தலையாக எண்ணிப் போனார் தேஷ்முக் மேடம்.
எனக்கு விழுந்தது சார்.
சியோனில், ரயில் போகும்போதெல்லாம்
கரும்பலகை நடுங்கும் அறையில்
சார் விழுந்த ஐந்து பேரும்
ஒரே மேசைக்கு நாற்காலி இழுத்தோம்.
குழுவாகக் கற்பிப்பதை
குழுவாகக் கற்க வேண்டுமாம்.
பதினைந்து நாள். இருபது மதிப்பெண்.

சீட்டில் வந்த தலைப்பு:
கடன் வாங்கிக் கழித்தல், மூன்றாம் வகுப்பு.

உல்ஹாஸ் யோசனையாகச் சொன்னான்,
ஒன்றையும் எழுதவில்லை.
ருக்சாருக்கு மும்ப்ரா வண்டி;
மூன்றரைக்கு மேல் ஒரு நிமிடம் இருக்க மாட்டாள்.
தாராவி இசக்கியம்மாளிடம் கத்தரிக்கோல்,
அவள் வெட்டினால் ஓரம் பிசிறாது.
ஸ்நேஹல் ஜாதவ் ஜன்னலோரம்.
எதைக் கேட்டாலும் "சாலேல்" என்பாள்.
இது? சாலேல்.
வேண்டாம், அது? சாலேல்.
நான் குழுத் தலைவி.
யாரும் தேர்ந்தெடுக்கவில்லை,
பேனா என் கையில் இருந்தது.

நானூற்று மூன்றில் நூற்று எழுபத்தெட்டு போக.
நாங்களே இலக்கங்களாக நிற்பது என்று முடிவாயிற்று.
ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி,
அதில் பத்துக் கட்டுக்கு ஒரு பெரிய ரப்பர் பேண்டு.
நான்கு, நான். மூன்று, இசக்கி.
உல்ஹாஸ் ஆசிரியர். ருக்சார் மாணவி.
நடுவில் பூஜ்ஜியம்?
"மீ" என்றாள் ஸ்நேஹல்,
பூஜ்ஜியத்துக்கு வசனம் இருக்காதென்று.
எனக்கும் அது நிம்மதி.
சக மதிப்பீட்டுத் தாளில் அவள் பெயருக்கு நேரே,
பங்களிப்பு, ஐந்துக்கு,
அன்று மாலையே பென்சிலால்
இரண்டு போட்டு வைத்தேன்.

அந்த நாள் வந்தது.
"என்னிடம் மூன்றுதான்.
எட்டு போகணும், பக்கத்து வீட்டில் கேட்கிறேன்"
என்றாள் இசக்கி.
இங்கே உல்ஹாஸ் பேச வேண்டும்.
உல்ஹாஸ் மறந்துவிட்டான்.
மின்விசிறி சுற்றியது.
ஒரு விரைவு வண்டி போய்
கரும்பலகை நடுங்கி நின்றது.
நூறு குச்சியை நீட்டியபடி நான்.

ஸ்நேஹல் வாங்கினாள்.
ரப்பர் பேண்டை உருட்டி
மணிக்கட்டில் வளையலாக ஏற்றினாள்.
பத்துக் கட்டுகளை மேசையில் பரப்பினாள்.
ஒன்றை இசக்கிக்குத் தள்ளினாள்.
மீதியை, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி,
எண்ணினாள். ஒன்பது.

ருக்சார் கை தூக்கினாள்.
நாங்கள் எழுதித் தராத கேள்வி:
"டீச்சர், பூஜ்ஜியம் வாங்கின கடனை
எப்போ திருப்பிக் கொடுக்கும்?"

அறை சிரித்தது.
பாடக் குறிப்பைப் புரட்டினேன், அதில் இல்லை.
நான் படித்த பள்ளியில் இதைக் கேட்டிருந்தால்
வராந்தாவில் நின்றிருப்பேன்.

"கடனே இல்லை" என்றாள் ஸ்நேஹல்,
பாதி இந்தி, பாதி மராத்தி.
"பாபா பெஸ்ட் பஸ்ஸில் கண்டக்டர்.
காலையில் முதல் ஆளே
நூறு ரூபாயை நீட்டுவான்.
பை காலி.
பின் சீட்டில் யாரிடமாவது மாற்றி வாங்கி
அதிலிருந்து கொடுப்பார்.
நூறு உடைந்தாலும் நூறுதான்.
இது சுட்டே.
யாரும் யாருக்கும் தர வேண்டியதில்லை."

பின்னால் சார்ட்டில்
கடன், உதார், உஸ்னே என்று
மூன்று மொழியில், மூன்று நிறத்தில்
இசக்கி எழுதி ஒட்டியிருந்தாள்.
அவ்வளவு பெரிதாக எழுதியிருக்க வேண்டாம்.

மேடம் குனிந்து ஏதோ எழுதினார்.
பதினாறு.
நேரம் தாண்டியதற்கு இரண்டு குறைத்தாராம்,
மற்ற இரண்டு எதற்கென்று
உல்ஹாஸ் மட்டும் கேட்கவில்லை.

நான்கு மணிக்குள் மதிப்பீட்டுத் தாள் தர வேண்டும்.
அழிக்க ரப்பர் தேடினேன்.
ஸ்நேஹல் தன்னுடையதை நீட்டினாள்,
என்ன அழிக்கிறேன் என்று பார்க்கவில்லை.

அழித்து, ஐந்து போட்டேன்.
முன்பு அழுத்தி எழுதியிருக்கிறேன் போல.
ஜன்னல் வெளிச்சத்தில் தாளைச் சாய்த்தால்
ஐந்துக்கு அடியில்
இரண்டின் பள்ளம்.